பரிவட்டமும் தோல்பட்டையும்

கொடிநாள் கொடியைச் சட்டையில் குண்டூசியால் குத்திக்கொண்ட தலைமுறை நாம். இப்போது எல்லாம் ஸ்டிக்கர். போன டிசம்பரில் எங்கள் அடுக்ககத்து வாசலில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி ஒன்றை நீட்டினாள். வாங்கிப் புடவையில் ஒட்டிக்கொண்டேன். லிஃப்டுக்குப் போவதற்குள் விழுந்துவிட்டது. குனிந்து தேடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நம் காலத்துக் காகிதக் கொடி அப்படியா விழுந்தது? குண்டூசி தோளில் ஒரு குத்துக் குத்திவிட்டு, சாயங்காலம் வரைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இடுப்புக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கொடி இல்லை, ஒரு கால். மரத்தால் செய்த கால். என் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே ஃபோனை எடுத்துவிட்டார்கள். நீங்களாவது என் வயதுக்காரர்கள், முழுக்கக் கேட்பீர்கள்.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயிலடியிலிருந்து வயல் வரப்பு வழியாக நடந்து வர வேண்டிய ஊர் எங்களுடையது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வராத காலம். எங்கள் ஊரில் ஒரு பெருமாள் கோயில். அப்பா அதற்கு அர்ச்சகர். திருவள்ளூர்தான் எங்களுக்குப் பூர்வீகம். அங்கே பங்காளிகள் அதிகம், கோயிலில் பூஜை முறை குறைவு என்று தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் மடி என்றால் மடி. விடியற்காலையில் கிணற்றடியில் குளித்து ஈர வேஷ்டியோடு கோயிலுக்குப் போனால், நடை சாத்தி வரும்வரை யாரும் அவரைத் தொடக் கூடாது. பெற்ற பெண் நான்கூடத் தொடக் கூடாது. ஒருநாள் சித்தப்பா மகனின் தோல் பெல்ட் அப்பாவின் அங்கவஸ்திரத்தில் உரசிவிட்டது. அவ்வளவுதான், மறுபடி கிணற்றடி, மறுபடி குளியல். அன்றைக்கு மழை வேறு. ஜலதோஷம் பிடித்து ஒரு வாரம் தும்மிக்கொண்டே அர்ச்சனை செய்தார். என் பள்ளிக்கூடப் பைகூடத் துணிப்பைதான். மற்றப் பெண்கள் பளபளவென்று தோல் பை கொண்டுவரும்போது எனக்கு அழுகையாக வரும்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்த வருஷக் கொடிநாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு கட்டுக் கொடி கொடுத்து, பட்டாளத்துக்காரர்களுக்கு நிதி சேர்க்க வீடு வீடாக அனுப்பினார்கள். நான் நேராக மிலிட்டரியம்மா வீட்டுக்குப் போனேன்.

மிலிட்டரியம்மா என்பது ஊர் வைத்த பெயர். நாலு காணி நெல் வயலும் அதைவிடப் பெரிய வாயும் உள்ளவர். அவருடைய இரண்டாவது மகன் பட்டாளத்தில் இருந்தார். அவர் மிலிட்டரி, அவரைப் பெற்றவர் மிலிட்டரியம்மா. எங்களுக்கு அவர் மிலிட்டரி மாமா. லீவில் வரும்போது பிஸ்கட் டின்னும் காக்கி நிறத்தில் கம்பளியும் கொண்டுவருவார். அவர் எல்லையில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். எந்த எல்லை என்றுதான் யாருக்கும் தெரியாது.

கொடியை நீட்டியதும் மிலிட்டரியம்மா என்னை முறைத்தார்.

“இன்னாடி இது? எம் புள்ளையவே குடுத்துட்டு உக்காந்துக்கினு கீறேன். எனக்குக் காய்தத்த குத்த வந்துட்டா!”

நான் திரும்பி ஓடப் பார்த்தேன். அதற்குள் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு கொடியை உருவிக்கொண்டார். உள்ளே போய் பெருமாள் படத்துச் சட்டத்தின் இடுக்கில் செருகினார். “பாத்துக்கோ, ஆமா. அவன் உன் பொறுப்பு” என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். பெருமாளை அப்படி யாரும் அதட்டி நான் பார்த்ததில்லை.

சண்டை நின்றுவிட்டது என்று தர்மகர்த்தா வீட்டு ரேடியோ சொன்னது. தர்மகர்த்தா ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். சர்க்கரை நாக்கில் கரைவதற்குள் என்பதுபோல, சில நாட்களிலேயே தந்தி வந்தது. மிலிட்டரி மாமாவுக்கு ஒரு கால் போய்விட்டது.

பூனா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, ஆடி மாதம் ரயிலில் வந்து இறங்கினார். ஊரே ரயிலடிக்குப் போயிருந்தது. மேளம், மாலை, பூரணகும்பம் எல்லாம் தயார். தர்மகர்த்தா ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். நம்ம ஊர்ப் பிள்ளை தனியாக ஒரு டாங்கியை எதிர்த்து நின்றதாகச் சொன்னார். எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. மிலிட்டரி மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து சிரித்தார்.

பிறகு ஒருநாள் நானே கேட்டேன். “மாமா, டாங்கி எவ்வளவு பெரிசா இருந்தது?”

“டாங்கியா? நீ வேற பாப்பா. சண்ட முடிஞ்சி போச்சி. டின்ன எடுத்துக்கினு தண்ணி புடிக்கப் போனேன். மணல்ல கால வெச்சேன். கண்ணி வெடி. அவ்ளோதான்.”

“அப்போ தர்மகர்த்தா மாமா சொன்னது?”

“அவரு ஆசையா சொல்றாரு. சொல்லிக்கினு போட்டும். அவருகிட்டப் போயி இல்லன்னு சொல்லி வெக்காத.”

அந்தக் கால் எங்களுக்கு ஒரு அதிசயம். முழங்காலுக்குக் கீழே வழவழவென்று மரம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. தொடையைச் சுற்றி அகலமான தோல் பட்டை. அதைப் பூட்ஸுக்கு நாடா கட்டுவதுபோல் இழுத்துக் கட்ட வேண்டும். நாங்கள் வரிசையில் நின்று அதைத் தட்டிப் பார்ப்போம். டொக் டொக் என்று கதவு தட்டுகிற சத்தம் வரும். “யாரது? ஊட்ல யாரும் இல்ல” என்பார் மாமா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “இதுல ஒரு சௌரியம் கீது பாப்பா. கொசு வந்து கடிச்சிப் பாத்துட்டு பேஜாராகி ஓடிப்பூடுது” என்பார்.

சில நாள் திடீரென்று முகம் சுண்டிப் போகும். “பாப்பா, கட்டவிரல் அரிக்குது. கொஞ்சம் சொரிஞ்சி வுடேன்.” எந்தக் கட்டைவிரல்? இல்லாத கட்டைவிரல். நான் மரத்தின் நுனியைப் பிராண்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஹா, அங்கதான். போதும்” என்பார். நிஜமாகவே அவருக்கு அரிப்பு நின்றுவிடும். எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டராக இருக்கும் என் மருமகள் ஏதோ விளக்கம் சொன்னாள். எனக்கு மாமாவின் அந்த ‘ஹா’ போதும்.

காலையில் நாஷ்டா ஆனதும் அவருக்கு ஒரே வேலைதான். தடியை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, தடியில்லாமல் நிற்பது. கையை விரித்துக்கொண்டு நிற்பார். ஆடுவார். மரத்தைப் பிடித்துக்கொள்வார். மறுபடியும் நிற்பார். வியர்வை கொட்டும். எதற்கு இந்தப் பாடு, தடியோடுதான் நன்றாக நடக்கிறாரே என்று நான் கேட்டேன்.

“நடக்கறதுக்கு தடி சரி. கும்புடறதுக்கு ரெண்டு கையும் வோணுமே” என்றார். “ஆஸ்பத்திரில இந்தக் கால மாட்டி வுட்டப்ப நெனச்சேன். நம்ம பெருமாள் முன்னால தடி இல்லாம நின்னு, ரெண்டு கையும் எடுத்து ஒரு கும்புடு போட்டுட்டா போதும், மிச்சத்த நான் பாத்துப்பேன்னு.”

அவர் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர் தானாகச் செய்தது.

புரட்டாசி பிறந்தது. பெருமாளுக்கு உகந்த மாதம், சனிக்கிழமை தோறும் உற்சவம். கோயிலில் கூட்டம் கூடியபோது தர்மகர்த்தா எழுந்து, மூன்றாம் சனிக்கிழமை முதல் பரிவட்டம் மிலிட்டரிக்குத்தான் என்று அறிவித்தார். பரிவட்டம் என்பது பெருமாளுக்குச் சாத்திய பட்டுத்துணியை அர்ச்சகர் கையால் தலையில் கட்டுவது. எங்கள் ஊரில் அதற்கு வரிசை உண்டு. முதலில் தர்மகர்த்தா, பிறகு இன்னின்ன குடும்பம். அந்த வரிசைக்காக அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள், கல்யாணம் நின்றிருக்கிறது. அப்பேர்ப்பட்ட முதல் பரிவட்டத்தை அந்த மனுஷர் விட்டுக் கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே நல்லதாக அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்தார்.

முறைப்படி அழைக்க அப்பாவும் தர்மகர்த்தாவும் தாம்பூலத்தட்டோடு போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். மாமா முற்றத்தில் உட்கார்ந்து, காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தோல்பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எண்ணெய் போடாவிட்டால் தோல் விறைத்துத் தொடையை அறுக்குமாம். வெயிலில் எண்ணெயும் தோலும் சேர்ந்து குப்பென்று ஒரு வாசனை. அப்பா இரண்டடி பின்னால் போனார்.

“ஏம்பா, அது தோலா?” என்றார் தர்மகர்த்தா.

“ஆமாங்க. எருமத்தோலு.”

தர்மகர்த்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா தாம்பூலத்தட்டைப் பார்த்தார். கோயிலுக்குள் தோல் கூடாது. செருப்பு, பெல்ட், தோல் பை எதுவும் கூடாது. அது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை யாரும் மீறி நாங்கள் பார்த்ததில்லை.

மிலிட்டரியம்மா உள்ளேயிருந்து வந்தார். விஷயம் புரிந்ததும் ஆரம்பித்தார் பாருங்கள்!

“இன்னா சாமி சொல்ற? தோலு ஆவாதா? உள்ள டமடமன்னு மோளம் அடிக்கிறீங்களே, அது இன்னா வாயப்பட்டயில செஞ்சதா?”

“அது வாத்தியம்மா. பெருமாளுக்குன்னே பண்ணினது. இது கால்லே போட்டுக்கறது…” அப்பா மென்று விழுங்கினார்.

“எங்க போட்டுக்கினா இன்னா? சண்டக்கி அனுப்பறப்ப யாரும் தோலப் பத்திக் கேக்கல. பூட்ஸ் போட்டுக்கினுதான போனான்?”

தர்மகர்த்தா சமாதானத்துக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, “இதோ பாருப்பா. அது தோல் இல்ல, ரெக்ஸின்னு ஒரு வார்த்த சொல்லிடு. நாங்க ஒண்ணும் தொட்டுப் பாக்கப் போறதில்ல. சாமிக்கும் மனசு ஆறிடும், காரியமும் நடந்துடும்” என்றார்.

மாமா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “தர்மகர்த்தா ஐயா, பெருமாள் முன்னால நிக்கறதுக்கு அவருகிட்டயே பொய் சொல்லினு போறதா? வாணாங்க.”

அப்பாவும் வேண்டாம் என்றுதான் தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

பிறகு ஊர் யோசித்தது. நம் ஊர்க்காரர்களுக்கு யோசனைக்கா பஞ்சம்? தோலுக்குப் பதில் துணிப் பட்டை தைக்கலாம் என்று முடிவாகி, தையல்காரரைக் கூப்பிட்டு அளவெடுத்தார்கள். கெட்டிக் காடாத் துணியை மடித்து மடித்து அவர் தைத்துக் கொடுத்தார். மாமா அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நன்றாகத்தான் நின்றார். நாங்கள் கைதட்டினோம். இரண்டாவது அடி வைத்தபோது துணி நெகிழ்ந்து, கால் ஒரு பக்கம் திரும்பி, அவர் முகம் குப்புற விழுந்தார். உதடு கிழிந்துவிட்டது. மிலிட்டரியம்மா துணிப் பட்டையை அடுப்பில் போட்டார்.

கடைசி யோசனை அப்பாவுடையது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் அவர் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்துதான் வருகிறது. ஏனென்றால் அவர் அதை அத்தனை ஆசையோடு யோசித்தார். காலை வாசலில் கழற்றி வைத்துவிடலாம். மிலிட்டரியை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு சன்னதிக்குப் போகலாம். “பெருமாளையே தோளிலேதானே தூக்கறோம்? அதே மாதிரி இவனையும் தூக்குவோம். இதைவிட என்ன மரியாதை வேணும்?” என்றார். தர்மகர்த்தாவுக்கு ஒரே சந்தோஷம். தன் வீட்டுத் தேக்கு நாற்காலியைக் கொடுத்தார். மாமாவிடம் யாரும் விவரம் சொல்லவில்லை. ‘எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சி, நீ வந்தா போதும்’ என்று மட்டும் ஆள் அனுப்பினார்கள். வந்து பார்த்துப் பூரித்துப் போகட்டும் என்று இருந்தார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை காலை. அந்த நாற்காலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாமந்தியும் துளசியும் சுற்றி, மூங்கில் கட்டி, பல்லக்கு மாதிரியே செய்திருந்தார்கள். அதோடு விட்டார்களா? கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் சிவப்புத் துணி விரித்து, ஒரு சின்ன மாலையும் வைத்திருந்தார்கள். காலுக்காம். ‘செருப்போடு செருப்பாக வைத்தால் மரியாதை இல்லை’ என்று அப்பாதான் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்.

மாமா வந்தார். வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை. சட்டையில் மெடல். மெடலுக்குப் பக்கத்தில், படத்துச் சட்டத்தில் இருந்த அந்தக் காகிதக் கொடியை அவர் அம்மா குத்தி அனுப்பியிருந்தார். மகனைத் தனியாக அனுப்பிவிட்டு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். தெருவெல்லாம் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். மாமா தடியை ஊன்றி, நிமிர்ந்து நடந்து, கோயில் வாசலுக்கு வந்து நின்றார். பூ நாற்காலியைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். சிவப்புத் துணியைப் பார்த்தார்.

“இது இன்னாது சாமி?”

அப்பா பூரிப்போடு விளக்கினார். கையில் தட்டு, தட்டில் அரக்குப் பட்டு. “கழட்டி இதுலே வைப்பா. பத்திரமா இருக்கும். நானே ஆள் போட்டிருக்கேன். நாங்க உன்னைத் தூக்கிண்டு போறோம்.”

 மாமா கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“சாமி, ஒரு வருசமா அல்லாரும் என்னத் தூக்கினுதான் இருந்தாங்க. மணல்லேர்ந்து தூக்கினாங்க. லாரில தூக்கிப் போட்டாங்க. ஆஸ்பத்திரில கக்கூஸுக்குத் தூக்கினு போனாங்க. நான் நிக்கணும்னுதான சாமி வந்தேன்?”

 தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

“வெளியிலேர்ந்தே கும்புட்டுக்கறேன்” என்று தடியை இடுக்கிக்கொண்டு கையெடுக்கப் பார்த்தார். கூட்டம் மறைத்தது. சன்னதி விளக்குகூடத் தெரிந்திருக்காது. கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். தெருக்கோடி வரைக்கும் டொக், டொக் என்று கேட்டது.

பரிவட்டம் அன்று யாருக்கும் கட்டப்படவில்லை. தர்மகர்த்தா தனக்கும் வேண்டாம் என்றுவிட்டார். அப்பா உச்சிக்காலம் முடித்து வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

“நான் என்ன தப்பு பண்ணினேன்? ராஜோபசாரமா பண்ணினேன். போயிட்டானே” என்றார்.

அம்மா மடி விஷயத்தில் அப்பாவையே மிஞ்சியவள். அப்பாவுக்கு வக்காலத்து வாங்குவாள் என்று நினைத்தேன். அவள் மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்னா, உங்க பூணூலைக் கழட்டி வாசல்லே ஒரு முக்காலியிலே வச்சுட்டு, உள்ளே வாங்கோ, மாலை போடறோம்னா போவேளா?”

“அதுவும் இதுவும் ஒண்ணாடி?”

“எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும்.”

அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார்.  சாயங்காலம் வெளியே கிளம்பும் முன் மறுபடி குளித்துவிட்டு, மறுபடி மடியாகப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் பல்லக்கில் வீதி வருவார். எங்கள் ஊரில் பல்லக்கு நிற்கிற வீடுகளுக்கும் வரிசை உண்டு. மிலிட்டரியம்மா வீடு அதில் இல்லை. அங்கே வேகத்தைக் குறைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், போய்விடுவார்கள். அன்றும் மிலிட்டரியம்மா வீம்புக்கென்றே வாசலைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பெரிய கோலமாகப் போட்டு வைத்திருந்தார். ஆனால் தட்டோடு நின்றது அவர் மட்டும்தான். மாமா வெளியே வரவில்லை.

பல்லக்கு வந்தது. நான் பெண்கள் கூட்டத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். அந்த வாசலுக்கு நேராக வந்ததும் அப்பா கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்கோ.”

தூக்குகிறவர்கள் குழம்பிப்போய் நின்றார்கள். “இங்க நிக்கற வழக்கம் இல்லீங்களே சாமி” என்றார் ஒருவர்.

“இன்னிலேர்ந்து உண்டு” என்றார் அப்பா. பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “மிலிட்டரி! வெளியே வாப்பா. பெருமாள் வந்திருக்கார்.”

மாமா வாசற்படிக்கு வந்தார். காலையில் கட்டிய வேஷ்டி இல்லை. வீட்டில் போடும் காக்கி அரை டிராயர். கால் முழுக்க வெளியே தெரிந்தது. மரம், கம்பி, தோல், நாடா எல்லாம்.

“சாமி, ஒரு நிமிசம். வேட்டி கட்டினு வந்துடறேன்.”

“வேண்டாம். அப்படியே வா.”

அவர் இறங்கி வந்தார். கோலத்தின் நடுவில் வந்து, பெருமாளுக்கு எதிரே நின்றார். தடியை அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு பின்னால் போகவே மாட்டேன் என்கிறார், ஒரு கையை நீட்டியபடியே இருந்தார். மாமா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.  அப்பா, சேவிப்பவர் தலையில் சாத்தும் சடாரியைத் தர்மகர்த்தா பிடித்திருந்த தட்டில் வைத்துவிட்டு, பரிவட்டப் பட்டைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் ஈரக் கோலத்தில் மரப்பாதம் வழுக்கியது.

எல்லாரும் ‘ஐயோ’ என்றோம். பிடித்தது அப்பா. கையிலிருந்த பட்டுத்துணியைத் தோளில் எறிந்துகொண்டு, தடாலென்று தரையில் மண்டியிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு கை மரத்தில். ஒரு கை முழங்காலுக்கு மேலே, எண்ணெய் ஊறிய தோல்பட்டையில்.

மேளம் நின்றது. 

“சாமி, வுட்டுடு சாமி, அது தோலு” என்றார் மாமா. அவருக்குத்தான் பதற்றம்.

“தெரியும். நீ அவரைச் சேவி.” அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தர்மகர்த்தா, என் தோளிலே பரிவட்டம் இருக்கு. எடுத்துக் கட்டும்.”

“நானா? அர்ச்சகர் கையால இல்ல கட்டணும்?”

“அர்ச்சகர் கையிலே வேலை இருக்கு. கட்டும்ங்கறேன்.”

தர்மகர்த்தா தலையில் எத்தனையோ முறை பரிவட்டம் கட்டியிருக்கிறார்கள். அவர் யாருக்கும் கட்டியதில்லை. மூட்டை தூக்குகிறவர் சும்மாடு கட்டுவதுபோல ஏதோ ஒரு தினுசாகச் சுற்றி முடிந்தார். ஜரிகை ஒரு காதை மறைத்தது. அதைப் போல அழகான பரிவட்டத்தை நான் பார்த்ததில்லை, போங்கள்.

“இப்போ விடட்டுமா? நிப்பியா?” என்று கீழேயிருந்து கேட்டார் அப்பா.

மாமா மூச்சை இழுத்துக்கொண்டார். “வுடு சாமி. நிக்கறேன்.”

அப்பா ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதை. மாமா நின்றார். தடியில்லாமல், யார் கையும் இல்லாமல், எங்கள் பெருமாள் முன்னால் நின்றார். கும்பிட்ட கையைப் பிரித்து, வலது கையை நெற்றிக்கு உயர்த்தி ஒரு சல்யூட் அடித்தார். மிலிட்டரியம்மா ஓவென்று அழுதார். யாரும் சொல்லாமலே தவில்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

மாமா பிற்பாடு கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் வாசல் காவலுக்கு இருந்து, கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்து, நன்றாக வாழ்ந்துதான் போனார். கொடிநாள் வந்தால் தன் கொடியை மரக்காலின் தோலில் குத்திக்கொள்வார். ‘சட்டயில குத்துனா வலிக்கும், இங்க வலிக்காது’ என்று சிரிப்பார். அதெல்லாம் பின்னால்.

அன்று பல்லக்கு நகர்வதற்கு முன் தர்மகர்த்தா அப்பாவிடம் வந்து, “சாமி, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் பெருமாள இங்கயே வெச்சிருக்கோம்” என்றார், பணிவாக. அவர் கேட்டதில் தப்பில்லை. அப்பா குளித்தாக வேண்டும்.

“எதுக்கு?” என்றார் அப்பா.

 அப்பா சடாரியை எடுத்துக்கொண்டு பல்லக்கின் பக்கத்தில் நடந்தார்.

நான் ஓட்டமாக வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கிணற்றில் நீர் இறைத்து, தவலையை நிரப்பி, பக்கத்தில் உலர்ந்த வேஷ்டியும் வைத்தாள். நடை சாத்திவிட்டு அப்பா வந்தார். தவலையைப் பார்த்தார். கையை மட்டும் அலம்பிக்கொண்டு, அதைத் தாண்டி உள்ளே போனார்.

“பசிக்கிறது. இலையைப் போடு.”

 அம்மா தவலையைத் தூக்கி, தண்ணீரை வாழைக்குக் கொட்டினாள்.

நான் எப்போதும்போல் அப்பாவிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, “இங்கே வா” என்றார். சாதத்தை உருட்டி, என் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்தார். அலம்பியும் அப்பாவின் கையில் தேங்காய் எண்ணெயும் தோலும் கலந்த வாசனை அப்படியே இருந்தது. இன்னொரு கவளத்துக்கும் நான் கையை நீட்டினேன்.